சூடானால் என்ஜின் நின்றுவிடுகிறது, ஆறினால் ஓடுகிறது: பெட்ரோல் பம்பா, சென்சாரா?

பின்கண்ணாடி:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மாதமாக இந்த வண்டி என்னைப் படுத்துகிற பாட்டைக் கொஞ்சம் நீட்டியே எழுதிவிடுகிறேன், பாதி சொல்லி மீதியை நீங்கள் கேட்டு வாங்குவதற்கு அது மேல். பெட்ரோல் வண்டி, நாலு சிலிண்டர், மேனுவல் கியர், 12 வருடப் பழசு, 1,34,000 கி.மீ. ஓடியிருக்கிறது.

காலையில் ஒரே சாவியில் எடுத்துக்கொள்கிறது, அதில் குறையே இல்லை. முப்பது நாற்பது நிமிடம் ஓடி நன்றாகச் சூடேறிய பிறகுதான் வேலையைக் காட்டுகிறது. இழுப்பு குறைவதோ, குலுங்குவதோ, மிஸ்ஸிங் அடிப்பதோ எதுவும் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே யாரோ சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி நின்றுவிடுகிறது. ஸ்டியரிங் கனத்துப்போகிறது, மீட்டரில் பேட்டரி விளக்கும் ஆயில் விளக்கும் எரிகின்றன. உருட்டியே ஓரம் கட்டி சாவி போட்டால் செல்ஃப் ஜோராகச் சுற்றுகிறது, என்ஜின் மட்டும் பிடிப்பதில்லை. பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு 20 நிமிடம் நின்றால், ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. முதலில் வாரத்துக்கு ஒரு தடவை, இப்போது தினம் ஒரு தடவை.

இதுவரை பிளக் மாற்றியாயிற்று, பெட்ரோல் ஃபில்டர் மாற்றியாயிற்று, த்ராட்டில் பாடியைக் கழற்றிக் கழுவியும் பார்த்தாயிற்று. ஸ்கேனர் போட்டால் கோடு (கோளாறைக் குறிக்கும் எண்) ஒன்றும் இல்லை, செக் என்ஜின் விளக்கும் எரிவதில்லை. அடுத்து பம்பை மாற்றிப் பார்க்கலாம் என்கிறார்கள். டேங்கை இறக்க வேண்டிய வேலை. "மாற்றிப் பார்க்கலாம்" என்ற வார்த்தையைக் கேட்டாலே இப்போது எனக்கு எரிச்சல் வருகிறது. மாற்றுவதற்கு முன்னால் பம்ப்தானா என்று உறுதி செய்துகொள்ள வழி இருக்கிறதா?

நாலாம்கியர்:

சந்தேகமே வேண்டாம், பம்ப்தான். என் பழைய வண்டியில் அச்சு அசலாக இதேதான் நடந்தது. பம்பு மோட்டார் தேய்ந்துபோனால் சூட்டில் இறுகிக்கொள்ளும், ஆறினால் மறுபடி சுற்றும். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும் நாளில் அதிகம் நிற்கிறதா என்று கவனியுங்கள், பெட்ரோல்தான் பம்பைக் குளிர வைக்கிறது. நான் மாற்றிய அன்றோடு பிரச்சினை தீர்ந்தது.

கிரீஸ்கை:

நாலாம்கியர் சொல்வது நடக்காத விஷயம் இல்லை, ஆனால் தம்பி எழுதியிருப்பதைத் திரும்ப ஒரு தடவை படியுங்கள். இழுப்பு குறையவில்லை, குலுங்கவில்லை, சாவியைத் திருப்பியது போல நின்றது என்கிறார். பம்ப் சாகும்போது பெரும்பாலும் அப்படிச் சாகாது. லைனில் பிரஷர் இறங்க இறங்க வண்டி இழுக்காமல் திணறும், ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்னும் மோசமாகும், ஒரு சில நொடியாவது முக்கி முனகிவிட்டுத்தான் நிற்கும். கத்தியால் வெட்டிய மாதிரி நின்றால் என் கை முதலில் மின்சாரப் பக்கம்தான் போகும். இக்னிஷன் சுவிட்ச், மெயின் ரிலே (என்ஜின் கணினிக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்), கிராங்க் சென்சார், இந்த மூன்றும்தான் வரிசை. சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால் கிராங்க் சென்சார் முதல் ஆளாக வந்து நிற்கிறது.

அது என்ன செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டுதான் கிராங்க் ஷாஃப்ட், அதோடு சேர்ந்து ஒரு பல்சக்கரம் சுற்றும். பல வண்டிகளில் 60 பல்லுக்கு இடம் வைத்து அதில் 2 பல்லை வெட்டியிருப்பார்கள், ஆக 58 பல், ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் 6 டிகிரி. எதிரில் ஒரு மில்லிமீட்டர் சுமார் இடைவெளியில் சென்சார் உட்கார்ந்து ஒவ்வொரு பல்லாக எண்ணிக்கொண்டிருக்கும். பல் இல்லாத அந்த இடைவெளி வரும்போது, பிஸ்டன் எந்த நிலையில் இருக்கிறது என்பது இசியூவுக்கு, அதாவது என்ஜினை நடத்தும் கணினிக்கு, தெரிந்துவிடும். அதை வைத்துத்தான் பிளக்கில் எப்போது பொறி, இன்ஜெக்டர் எப்போது திறக்க வேண்டும் என்ற கணக்கு. இந்த எண்ணிக்கை நின்றால், இசியூவைப் பொறுத்தவரை என்ஜினே நின்றுவிட்டது. பொறியை நிறுத்தும், இன்ஜெக்டரை நிறுத்தும், பம்பையும் நிறுத்திவிடும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். செல்ஃப் அடிக்கும்போது பம்ப் ஓடவில்லை என்று பம்ப் மேல் பழியைப் போட்டு டேங்கை இறக்கிவிடுவார்கள். பம்ப் பாவம், உத்தரவு வரவில்லை, அதனால் ஓடவில்லை.

எந்தப் பொருளையும் மாற்றாமல் முதலில் இதைச் செய்யுங்கள். வண்டி எப்போது நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும் என்பதால், ஆள் நடமாட்டம் இல்லாத நேர் சாலையாகப் பார்த்து, அது சூடாகும்வரை ஓட்டுங்கள். நிற்கும் அந்த நொடியில் கிளட்சை மிதிக்காதீர்கள், கியரிலேயே விடுங்கள். சக்கரம் உருளும்வரை என்ஜின் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், இல்லையா? அப்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். பெட்ரோல் வரவில்லை என்றால் முள் வண்டியின் வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்கும். என்ஜின் சுற்றும்போதே முள் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்தால், சுற்றுவது இசியூவுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். சாவியை மட்டும் லாக் பக்கம் திருப்பிவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொண்டால் வேறு வினை. ஹஸார்ட் லைட்டைப் போட்டு ஓரம் கட்டுங்கள். பிரேக் பெடல் கனமாக இருந்தால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக மிதியுங்கள்.

நின்ற பிறகு, ஆறுவதற்குள் இன்னும் மூன்று விஷயம். சாவியை ஆன் மட்டும் செய்து காதைக் கொடுங்கள், பின்சீட்டுப் பக்கம் இரண்டு நொடி பம்ப் ஓடும் "ம்ம்ம்" சத்தம் கேட்கிறதா? சாவி ஆனில் செக் என்ஜின் விளக்கு எரிகிறதா? அப்புறம், ஓபிடி புளூடூத் டாங்கிள் (இசியூவின் தகவலைப் போனில் காட்டும் சின்னக் கருவி) ஒன்று கைவசம் இருந்தால் மாட்டி, செல்ஃப் அடித்துக்கொண்டே ஆர்பிஎம் எவ்வளவு என்று லைவ் டேட்டாவில் பாருங்கள். நல்ல பேட்டரியில் 200ஐ ஒட்டி ஏதாவது ஒரு எண் வர வேண்டும். டாங்கிள் இசியூவோடு பேசவே மறுத்தால் சென்சாரை விடுங்கள், மெயின் ரிலே, பியூஸ், எர்த் வயர் பக்கம் போகலாம்.

கோடு இல்லை என்பதை மட்டும் நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். சிக்னல் சட்டென்று அறுந்தால், வண்டி அணைக்கப்பட்டது என்றே பல இசியூக்கள் எடுத்துக்கொள்ளும். வால்வு பக்கத்துத் தண்டைப் பார்க்கும் கேம் சென்சார் என்ஜின் சுற்றுகிறது என்கிறது, கிராங்க் சென்சார் இல்லை என்கிறது, இந்த முரண்பாடு கொஞ்ச நேரம் நீடித்தால்தான் பி0335 (கிராங்க் சென்சார் கோளாறு) என்ற கோடு எழுதும்.

பின்கண்ணாடி:

அண்ணா, இவ்வளவு விளக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஞாயிறு காலையில் அதற்காகவே கிளம்பினேன். வழக்கமாக ஒரு மணி நேரத்துக்குள் நின்றுவிடும் வண்டி, பார்க்க வேண்டும் என்று போன அன்று ஒன்றரை மணி நேரம் நிற்கவே இல்லை. நொந்துபோய்த் திரும்பும் வழியில், மூன்றாவது கியரில் 50ல் போகும்போது நின்றது. கிளட்சை மிதிக்கவில்லை. வண்டியை என்ஜின் பின்னால் பிடித்து இழுப்பது நன்றாகத் தெரிகிறது, ஆனால் முள் விழுந்து படுத்துவிட்டது. மெல்ல இறங்கவில்லை, விழுந்தேவிட்டது.

ஓரம் கட்டிச் சாவி போட்டதும் பம்ப் இரண்டு நொடி சத்தம் கொடுத்து நின்றது. செக் என்ஜின் விளக்கு எரிந்தது. டாங்கிள் உடனே இணைந்தது, கூலன்ட் 91 டிகிரி என்று காட்டியது. செல்ஃப் அடித்தேன், ஆர்பிஎம் 0. ஐந்து நொடி விடாமல் அடித்தும் 0தான். இருபது நிமிடம் கழித்து அதே இடத்தில் அடித்தபோது 218, 231 என்று வந்தது, வந்ததுமே என்ஜினும் பிடித்துக்கொண்டது.

அப்போ சென்சாரை வாங்கிவிடலாமா?

ஓம்விதி:

கொஞ்சம் பொறுங்கள். கிராங்க் சிக்னல் இசியூவுக்குப் போய்ச் சேரவில்லை என்பதுவரைதான் இப்போது நிரூபணம் ஆகியிருக்கிறது. சென்சார் கெட்டதா, வயரை அதில் மாட்டும் கப்ளரா, நடுவில் வயரா என்பது இன்னும் தெரியாது. மல்டிமீட்டர் இருந்தால் அரை மணி நேர வேலை.

முதலில் உங்கள் சென்சார் எந்த ரகம் என்று பாருங்கள். ஒன்று சுருள் ரகம், உள்ளே காந்தமும் செம்புச் சுருளும் மட்டும்தான், பல் கடக்கும்போது தானாகவே மின்சாரம் உண்டாக்கும். இன்னொன்று ஹால் ரகம், அதற்குள் ஐசி இருக்கிறது, வெளியிலிருந்து 5 அல்லது 12 வோல்ட் கொடுத்தால்தான் வேலை செய்யும். கப்ளரில் இருக்கும் உலோகப் பின்னை எண்ணி மட்டும் முடிவுக்கு வராதீர்கள், சுருள் ரகத்திலும் மூன்று பின் உண்டு, மூன்றாவது வயரைச் சுற்றியுள்ள ஷீல்டு உறைக்கு. கப்ளரைக் கழற்றி, சாவி ஆனில், வண்டிப் பக்கத்துப் பின்களை எர்த்தோடு வைத்து அளந்தால் தெரிந்துவிடும். ஒரு பின்னில் பேட்டரி வோல்ட்டேஜோ, அசையாத 5 வோல்ட்டோ நின்று, இன்னொரு பின் சுத்தமான எர்த்தாக இருந்தால் பெரும்பாலும் ஹால்தான். ஹால் சென்சாரில் ஓம் மீட்டர் வைக்காதீர்கள், வருகிற எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

சுருள் ரகம் என்றால் இரண்டு பின்னுக்கும் நடுவே ஓம் அளங்கள். வண்டிக்கு வண்டி மாறும், பொதுவாகச் சில நூறு ஓமிலிருந்து ஆயிரத்துச் சொச்சம்வரை இருக்கும். ஆனால் ஆறின நிலையில் அளந்து, "நல்லா இருக்கே" என்று திரும்ப மாட்டுவதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். ஆறும்போது உங்கள் வண்டியும்தான் நன்றாக ஓடுகிறது! கெடுகிற நேரத்தில் அளக்க வேண்டும். சென்சாரைக் கழற்றி மேசையில் வைத்து, மீட்டரை மாட்டிக்கொண்டு ஹேர் டிரையரால் சூடேற்றுங்கள். செம்பு சூடேறினால் ஓம் கூடத்தான் செய்யும், 10 டிகிரிக்கு ஏறக்குறைய 4 சதவீதம். 30 டிகிரியில் 850 காட்டினால் 90 டிகிரியில் 1,050க்குப் பக்கத்தில் வருவது நியாயமான ஏற்றம். அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். திடீரென்று தாவினாலோ, ஓஎல் (மீட்டரின் எல்லையைத் தாண்டிவிட்டது) என்று காட்டினாலோதான் உள்ளே சுருள் அறுந்திருக்கிறது. மயிரிழை விரிசல் சூட்டில் விலகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும், அதுதான் உங்கள் 20 நிமிடக் கணக்கு.

கழற்றுவதற்கு முன்னால் இன்னொன்று. என்ஜினை ஐடிலில் ஓட விட்டு, கப்ளரிலிருந்து ஒரு அடி தூரத்துக்கு வயரை மெல்ல அசைத்துப் பாருங்கள். அசைக்கும்போது நின்றால் சென்சார் நிரபராதி. ஃபேனிலும் பெல்ட்டிலும் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வயரை வெட்டி ஒட்ட வேண்டி வந்தால் இரண்டையும் இடம் மாற்றிவிடாதீர்கள், சுருள் ரகத்தில் திசை மாறினால் டைமிங் கணக்கே பிசகும்.

மெதுவாப்போ:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் வண்டியும் நிற்கிறது, ஆனால் ஓடும்போது இல்லை, சிக்னலில் நிற்கும்போது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் முள் 500க்கு இறங்கி, ஆடி, அணைந்துவிடும். உடனே ஸ்டார்ட் ஆகிவிடும். நானும் கிராங்க் சென்சார் மாற்ற வேண்டுமா?

கிரீஸ்கை:

வேண்டாம். உங்களுடையது வேறு கதை, தனியாக ஒரு கேள்வி போடுங்கள். முள் ஆடி ஆடி இறங்குகிறது, உடனே பிடிக்கிறது என்றால் சிக்னல் போய்க்கொண்டுதான் இருக்கிறது, காற்றுக் கணக்குதான் தவறுகிறது. த்ராட்டில் பாடியில் கரி, எங்காவது வாக்குவம் ஹோஸ் வெடிப்பு, புகையைத் திரும்ப உள்ளே விடும் இஜிஆர் வால்வு மூடாமல் நிற்பது, இல்லையென்றால் உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சாரில் அழுக்கு. மாஃப் இருக்கிற வண்டியானால் அதன் கப்ளரைக் கழற்றிவிட்டு ஐடிலில் விட்டுப் பாருங்கள். இசியூ உத்தேசக் கணக்கில் ஓட்டும். கழற்றினால் ஒழுங்காக நிற்கிறது, மாட்டினால் அணைகிறது என்றால் அந்த சென்சார்தான் பொய் சொல்கிறது. கோடு விழும், பிறகு அழித்துக்கொள்ளலாம். மாஃபுக்கென்று விற்கும் ஸ்பிரேயைத் தவிர வேறு எதையும் அதன் மேல் அடிக்காதீர்கள்.

பின்கண்ணாடி:

செய்து முடித்துவிட்டேன், எழுதாமல் தூக்கம் வராது.

என் வண்டியில் சென்சார் கியர்பாக்ஸ் சேரும் இடத்தில், செல்ஃப் மோட்டாருக்குப் பக்கத்தில் ஒளிந்திருந்தது. வயரை அசைத்துப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. கப்ளர் பின்களில் பச்சை பூக்கவில்லை, ஆயில் இல்லை, லாக்கும் உடையவில்லை. சாவி ஆனில் இரண்டு பின்னிலும் 5, 12 எதுவும் நிற்கவில்லை, ஆக சுருள் ரகம். ஒரே ஒரு 10 நம்பர் போல்ட்தான், ஆனால் ஓ ரிங் இறுகிப்போய் சென்சார் வர மறுத்தது. நெம்பாமல், இடமும் வலமுமாகத் திருகித் திருகியே கால் மணி நேரம். வெளியே எடுத்தால் முனையில் இரும்புத்தூள் தாடி மாதிரி ஒட்டியிருந்தது.

துடைத்துவிட்டு அளந்தேன். ஆறின நிலையில் 842 ஓம். ஹேர் டிரையரைப் போட்டேன். 860, 890, 930 என்று மெல்ல ஏறியது, எனக்கு நெஞ்சு படபடக்கிறது, 1,000 தாண்டியது, 1,012... அப்படியே ஓஎல். மேசையில் லேசாகத் தட்டினால் 1,015 வந்தது, கையை எடுத்தால் மறுபடி ஓஎல். டிரையரை அணைத்துப் பத்து நிமிடம் வைத்தேன், 850க்கு அருகில் வந்து நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டது. மூன்று தடவை திருப்பிச் செய்தேன், மூன்று தடவையும் 1,000 தாண்டிய பிறகுதான் அறுந்தது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். யாருக்கும் என் அளவுக்கு ஆர்வம் இல்லை.

நாலாம்கியர்:

சரி, ஒத்துக்கொள்கிறேன். நான் பம்ப் மாற்றியபோது கூடவே ரிலேயையும் மாற்றினார்கள். எது தீர்த்தது என்று எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது. ஒரு கேள்வி: சென்சார் ஒரிஜினல்தான் போட வேண்டுமா, வெளி மார்க்கெட்டில் கிடைப்பது ஆகாதா?

கிரீஸ்கை:

இந்த ஒரு சாமானில் நான் கருமி கிடையாது. பேர் தெரியாத கம்பெனிப் பொருளைப் போட்டு, ஆறின நிலையில் ஸ்டார்ட் ஆகி, மூன்றாம் நாள் பழைய நோயோடே திரும்பி வந்த வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வண்டிக் கம்பெனிக்கே சென்சார் செய்து கொடுப்பவர்களின் பொருள் தனிப் பெட்டியில் கிடைத்தால் தாராளமாகப் போடலாம். பார்ட் நம்பர் ஒத்துப்போக வேண்டும், பார்க்க ஒன்று போல இருக்கும் இரண்டில் ஒன்று அரை மில்லிமீட்டர் குட்டையாக இருந்தாலும் சிக்னல் பலவீனமாகும்.

தம்பி, மாட்டும்போது சென்சார் உட்காரும் முகத்தைத் துணியால் சுத்தமாகத் துடையுங்கள், துருவோ மண்ணோ அடியில் இருந்தால் இடைவெளி கூடிவிடும். ஓ ரிங்கில் ஒரு சொட்டு என்ஜின் ஆயில். கையால் அழுத்தி முழுதாக உட்கார வைத்த பிறகுதான் போல்ட், போல்ட்டை இறுக்கி உள்ளே இழுக்கக் கூடாது, போல்ட் போகும் சென்சாரின் காது உடைந்துவிடும். அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பல்சக்கரத்தையும் ஒரு பார்வை பாருங்கள், உடைந்த பல், வளைந்த பல் இருக்கிறதா என்று. தாடி மாதிரி தூள் என்கிறீர்கள், அந்த இடத்தில் அது கிளட்ச், ஃப்ளைவீல் தேய்மானமாக இருக்கலாம். 1,34,000க்கு அதிசயம் இல்லை, கிளட்ச் வழுக்கத் தொடங்கினால் நினைவில் வையுங்கள்.

பின்கண்ணாடி:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். அதே பார்ட் நம்பரில் போட்டேன். பல்சக்கரத்தில் குறை இல்லை. போட்டு மூன்றாம் நாள் செக் என்ஜின் விளக்கு எரிந்ததும் வயிற்றைக் கலக்கியது. பார்த்தால் பி0315, புது சென்சாரை இசியூ இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்கிற கோடு. ஸ்கேனரில் அதற்கென்று ஒரு ரீலேர்ன் இருக்கிறது. என்ஜினைச் சூடாக்கி, பிரேக்கை மிதித்துக்கொண்டு, ஸ்கேனர் சொல்கிறபடி ஆர்பிஎம்மை ஏற்றி இறக்கினால் முடிந்தது, விளக்கு திரும்ப வரவில்லை. என் டாங்கிளில் அந்த வசதி இல்லை, பெரிய ஸ்கேனர் வைத்திருப்பவரிடம்தான் போக வேண்டியிருந்தது, இதே வேலை செய்கிறவர்கள் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

2,300 கி.மீ. ஓடிவிட்டது, ஒரு தடவைகூட நிற்கவில்லை. கிளட்ச் இதுவரை வழுக்கவில்லை அண்ணா. ஆர்பிஎம் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டும் பழக்கம்தான் இன்னும் விடவில்லை, பக்கத்தில் உட்காருபவர்கள் ரோட்டைப் பார்க்கச் சொல்கிறார்கள்.